நெல்லா, ஏத்தனா, குத்தகையா? மங்கலான எண்களை வரிசைப்படுத்தும் முறைகள், ஒரு ஏக்கரில்

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு ஏக்கர் வயல். அடுத்த ஒரு வருடத்துக்கு அதில் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். வழி மூன்று. பிசானம் என்ற நெல் பருவத்தில் அம்பை 16 ரக நெல்லை நட்டு, அறுப்பு முடிந்த ஈரத்தில் உளுந்து விதைக்கலாம். ஏத்தன் (நேந்திரன்) வாழை வைக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கார் என்ற இன்னொரு நெல் பருவத்துச் சாகுபடி பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால்தான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றில் எது மேல் என்று சொல்ல மூன்று எண் போதும், பெரிய எண் ஜெயிக்கும் என்று தோன்றும். சிக்கல், விவசாயம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் ஒற்றை எண் வராது என்பதுதான்.

“ஏத்தன் போட்டா ஏக்கருக்கு என்ன வரும் பெரியப்பா?”

“அதை எப்படிடே ஒத்தையாச் சொல்ல? வழக்கமா ரெண்டு லச்சம் வரவு உண்டு. ஓணத்துக்குச் சரியா காய் போய்ச் சேந்துட்டுன்னா ரெண்டரை. ஆடிக் காத்துல சாஞ்சிட்டுன்னா ஒண்ணுதான் தேறும்.”

“செலவு?”

“ஒண்ணரை. பத்தாயிரம் முன்னப்பின்ன.”

இந்தப் பதிலில் குறை எதுவும் இல்லை. குறைந்தால் இவ்வளவு, வழக்கமாக இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று மூன்று எண்ணைக் கொடுத்துவிட்டார். கணிதத்தில் இதற்குப் பெயர் முக்கோண ஃபசி (fuzzy, மங்கலான) எண். பாகுவில் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஜாதே 1965-ல் ஃபசி கணங்களை முன்வைத்தார். ஒரு பொருள் ஒரு கணத்தில் உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லாமல், 0 முதல் 1 வரை ஒரு தரம் கொடுப்பது அதன் அடிப்படை. பெரியப்பாவின் வரவில் 200 ஆயிரத்துக்குத் தரம் 1. அங்கிருந்து இருபுறமும் சரிந்து, 100-லும் 250-லும் தரம் 0 ஆகிறது. வரைந்து பார்த்தால் முக்கோணம்.

நிகழ்தகவைக் கொண்டு செய்யக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அணை மட்டத்துக்கும் மழைக்கும் பல ஆண்டுப் பதிவு இருக்கிறது. அங்கே நிகழ்தகவே சரி. ஆனால் வருகிற ஓணத்துக்கு முந்திய வாரம் ஏத்தன் கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதற்கு மண்டி அண்ணாச்சியின் வாய்ச்சொல்தான் ஆதாரம். வாய்ச்சொல்லை நிகழ்தகவாக மாற்றி எழுதினால், இல்லாத துல்லியம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி எண்கள். எல்லாம் ஆயிரம் ரூபாயில், ஒரு ஏக்கருக்கு, ஒரு வருடத்துக்குக் கையில் நிற்பது. முறைகளைச் சோதித்துப் பார்க்க நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை; உங்கள் வயலுக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லும் உளுந்தும்: (12, 30, 40).
ஏத்தன்: (-60, 50, 110).
குத்தகை: 25. ரொக்கம், முன்பணமாக வாங்கியது. நெல்லாக அளப்பதென்றால், கோட்டைக்கு 21 மரக்கால் என்ற பழைய முகத்தல் அளவு மாறாவிட்டாலும் நெல் விலை மாறும். அப்போது இதுவும் முக்கோணமாகிவிடும்.

ஏத்தனின் மூன்று எண்ணும் வரவிலிருந்து செலவைக் கழித்து வந்தவை. ஃபசி எண்களைக் கழிக்கும் வழக்கமான விதி இது: குறைந்த வரவிலிருந்து கூடிய செலவைக் கழி, கூடிய வரவிலிருந்து குறைந்த செலவைக் கழி. 100-லிருந்து 160 போனால் -60. 250-லிருந்து 140 போனால் 110. இந்தக் கழித்தலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

சாதாரண எண்களில் 25-ஐவிட 30 பெரியது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. ஏத்தனின் முக்கோணம் நெல்லின் முக்கோணத்தை இரு பக்கமும் தாண்டி நீள்கிறது. நெல்லைவிட மேலேயும் போகிறது, கீழேயும் போகிறது. இதை வரிசைப்படுத்த ரமேஷ் ஜெயின் 1976-ல் ஒரு வழி சொன்னார். அதன்பின் முறைகள் பெருகின. 2001-ல் வாங், கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 35-க்கும் மேற்பட்ட முறைகளை எடுத்துக்கொண்டு, நியாயமான வரிசைக்கு என்னென்ன பண்புகள் இருக்க வேண்டும் என்று பட்டியலிட்டுச் சோதித்தார்கள். இன்றும் புதுமுறை வந்துகொண்டேதான் இருக்கிறது. அவற்றில் பலவற்றின் புதுமை, பழைய முறை தோற்கும் ஒரு எடுத்துக்காட்டைத் தேடிக் கண்டுபிடித்ததோடு முடிந்துவிடுகிறது. ஒரு ஏக்கர்க்காரருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

மையத்தை எடுப்பது

பள்ளியில் படித்த நடுக்கோட்டு மையம்தான். மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்தால் முக்கோணத்தின் மையம் கிடைமட்டத்தில் எங்கே நிற்கிறது என்று தெரியும். நெல்லுக்கு 27.3, ஏத்தனுக்கு 33.3, குத்தகைக்கு 25. ஏத்தன், நெல், குத்தகை என்று வரிசை.

எளிது, கையாலேயே போடலாம், முரண்படாது. குறையும் அதிலேயே இருக்கிறது: முக்கோணம் எவ்வளவு அகலம் என்று இது பார்ப்பதேயில்லை. (-60, 50, 110) என்ற ஏத்தனும், (30, 33, 37) என்று வருடா வருடம் மாறாமல் கொடுக்கும் ஏதோ ஒரு கற்பனைப் பயிரும் இதற்கு ஒன்றுதான். லீ, லி என்ற இருவர் 1988-ல் இதற்கு ஒரு ஒட்டுப் போட்டார்கள்: சராசரி சமமானால், பரவல் குறைந்ததை எடு. சமமானால்தான் என்பதைக் கவனியுங்கள். நம் கணக்கில் 33.3-ம் 27.3-ம் சமமில்லை, ஆகவே பரவலைப் பற்றிய பேச்சே எழாது.

மண்டி வியாபாரிக்கு இது போதும். ஒரு பருவத்தில் நூறு தோட்டத்தில் காய் எடுக்கிறவருக்கு ஒன்றில் போனது இன்னொன்றில் வந்துவிடும். சராசரியை நம்பி அவர் தொழில் செய்யலாம். ஒரே ஏக்கரை வைத்திருப்பவருக்கு வருடத்தில் ஒரு முடிவுதான், அதிலும் நகைக்கடன் வட்டியைத் தள்ளிப்போட முடியாது.

மையத்தின் உயரத்தையும் சேர்ப்பது

மையத்துக்குக் கிடைமட்டத் தூரம் மட்டுமல்ல, உயரமும் உண்டு. அதையும் சேர்த்துக்கொண்டால் நுட்பம் கூடும் என்று செங் 1998-ல் நினைத்தார். ஆதிப்புள்ளியிலிருந்து மையம் எவ்வளவு தூரம் என்று பிதாகரஸ் விதிப்படி கணக்கிட்டு, தூரம் கூடியதே பெரியது என்றார்.

காகிதத்தில் அழகு. வயலில் வைத்துப் பாருங்கள். புயலில் முழுத் தோட்டமும் போய், ஏக்கருக்கு (-70, -40, -10) நிற்கிறது என்று வையுங்கள். மையம் -40. ஆதிப்புள்ளியிலிருந்து தூரம் 40 சொச்சம். நம் ஏத்தனுக்கோ 33 சொச்சம். ஆக, நாற்பதாயிரம் நஷ்டம் முப்பத்து மூவாயிரம் லாபத்தைவிட மேல் என்று முறை சொல்கிறது! தூரத்துக்குக் குறி கிடையாதே. நஷ்டமே வராத கணக்கில் இது வெளியே தெரியாது. விவசாயத்தில் நஷ்டம் வராத கணக்கு ஏது?

2002-ல் சூ, சாவோ இருவரும் தூரத்தை விட்டுவிட்டு, கிடைமட்டத்தையும் உயரத்தையும் பெருக்கினார்கள். குறி திரும்பி வந்தது. ஆனால் உயரம் என்ற பெருக்கியைப் பாருங்கள். மையம் காணும் சூத்திரம் 2006-ல் திருத்தப்பட்டது; அந்தத் திருத்தத்தின்படி எந்த முக்கோணத்துக்கும் உயரம் மூன்றில் ஒன்று, செவ்வகத்துக்கு அரை. நெல்லுக்கு 9.1, ஏத்தனுக்கு 11.1. குத்தகைக்கு? 25 என்ற ஒற்றைக் கோட்டை மிக மெல்லிய முக்கோணம் என்றால் 8.3, கடைசி இடம். மிக மெல்லிய செவ்வகம் என்றால் 12.5, முதல் இடம். வயல் அதே வயல், பணம் அதே பணம். கோட்டை எந்த வடிவத்தின் எல்லையாகப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து, கடைசியில் இருந்தது முதலுக்கு வருகிறது.

இதைவிட மோசம், செங்கின் தூரம் அலகையும் பொறுத்தது. ஆயிரம் ரூபாயில் எழுதினால் ஏத்தன் 33.3, நெல் 27.3, செவ்வகமாகக் கொண்ட குத்தகை 25.0. அதே தொகைகளை லட்சத்தில் எழுதுங்கள்: 0.333, 0.273, 0.25. உயரங்கள் மாறாது, 0.33-ம் 0.5-ம் அப்படியே நிற்கின்றன. இப்போது தூரம் ஏத்தனுக்கு 0.47, நெல்லுக்கு 0.43, குத்தகைக்கு 0.56. குத்தகை முதலிடம். ரூபாயை ஆயிரத்தில் எழுதினால் வாழை வை, லட்சத்தில் எழுதினால் குத்தகைக்கு விடு என்று சொல்லும் முறையை எந்த முடிவுக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது என் கட்சி. ரூபாயோடு ரூபாயைக் கூட்டலாம். ரூபாயோடு 0-வுக்கும் 1-க்கும் இடைப்பட்ட தரத்தைக் கூட்டினால் வருவதற்கு அர்த்தமில்லை. இந்தச் சிக்கல் தெரிந்தும் இம்முறைகள் ஆய்வுகளில் இன்னும் உலவுகின்றன.

நம்பிக்கைக்கு ஒரு எண்

1992-ல் லியூ, வாங் கொடுத்த முறை எனக்குப் பிடித்தது. முக்கோணத்தின் இடது சரிவுக்கு ஒரு மதிப்பு, வலது சரிவுக்கு ஒரு மதிப்பு. இடது என்பது கீழ் எண்ணுக்கும் நடு எண்ணுக்கும் சராசரி; வலது என்பது நடு எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் சராசரி. நெல்லுக்கு இடது 21, வலது 35. ஏத்தனுக்கு இடது -5, வலது 80. குத்தகைக்கு இரண்டும் 25.

பிறகு உங்கள் மனப்போக்கை 0 முதல் 1 வரை ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும். 0 என்றால் எல்லாம் கெட்டுத்தான் போகும் என்பவர், 1 என்றால் எல்லாம் நன்றாகவே நடக்கும் என்பவர். அந்த எண்ணின் விகிதத்தில் வலதையும் மீதி விகிதத்தில் இடதையும் கலக்க வேண்டும். லியோனித் ஹர்விச் 1951-லேயே, ஃபசி என்ற பேச்சு வருவதற்கு முன்பே, நிச்சயமற்ற முடிவுகளுக்குச் சொன்ன விதியின் சாயல் இது.

போட்டுப் பார்த்தால் மூன்று பேரும் ஜெயிக்கிறார்கள். நம்பிக்கை எண் 0.29-க்குக் கீழே என்றால் குத்தகை முதலிடம். 0.29-லிருந்து 0.37 வரை நெல். அதற்கு மேல் ஏத்தன். நடுவான 0.5-ல் ஏத்தன் 37.5, நெல் 28, குத்தகை 25. அதாவது மையம் சொன்ன அதே வரிசை.

இதில் நேர்மை இருக்கிறது. மற்ற முறைகளும் உங்களுக்காக ஒரு மனப்போக்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன, வெளியில் சொல்வதில்லை. அடமோவின் 1980 முறை ஒரு குறிப்பிட்ட தரத்தில் வலது முனையை மட்டும் பார்க்கிறது. நல்லதே நடக்கும் என்பவருடைய முறை அது. ஜெயினின் முதல் முறையிலும் வலது பக்கத்துக்கே செல்வாக்கு. 1985-ல் சென் என்பவர் கொடுத்த முறை இரு பக்கத்தையும் பார்க்கிறது. ஆனால் அது எல்லா வழிகளிலும் மிகக் குறைந்த எண், மிகக் கூடிய எண் இரண்டையும் அளவுகோலாக வைக்கிறது. நான்காவதாக ஒரு வழியைச் சேர்த்தால் பழைய மூன்றின் மதிப்பெண்ணும் மாறிவிடும். முருங்கை வைக்கலாமா என்று பக்கத்து வயல்காரர் யோசனை சொன்னதால் நெல்லின் மதிப்பு மாறுவது எனக்கு ஒப்பவில்லை.

லியூ, வாங் முறையின் பலவீனம், நம்பிக்கை எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பது. “உங்க நம்பிக்கை எத்தனை பெரியப்பா, 0.3-ஆ 0.4-ஆ?” என்று போய் நின்றால் எனக்கு மண்டையில் கோளாறு என்று அவர் நினைப்பார். ஆகவே திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறேன். எண்ணைக் கேட்காமல், எந்த எண்ணில் வரிசை மாறுகிறது என்பதை மட்டும் பார்ப்பது. ஏத்தன் ஜெயிக்க 0.37 போதும் என்றால், நடுநிலைக்குக் கொஞ்சம் கீழே நிற்பவர்கூட அதை எடுக்கலாம் என்று பொருள். 0.8 வேண்டும் என்று வந்திருந்தால் அது சூதாட்டம்.

இயலுமா, உறுதியா

துய்புவா, பிராட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1983-ல் வேறு பாதையில் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடாமல், இரண்டிரண்டாக எடுத்து, “இது அதைவிடக் குறையாமல் இருப்பது எவ்வளவு இயலும்?”, “இது அதைவிட மேல் என்பது எவ்வளவு உறுதி?” என்று தனித்தனியாகக் கேட்பது.

ஏத்தன் நெல்லுக்குக் குறையாமல் இருக்க இயலும் அளவு 1; உச்சி 50 என்பது 30-க்கு வலப்புறம் நிற்பதால் அதில் கேள்வியே இல்லை. நெல் ஏத்தனுக்குக் குறையாமல் இருக்க இயலும் அளவைக் காண, நெல்லின் வலது சரிவும் ஏத்தனின் இடது சரிவும் எந்த உயரத்தில் வெட்டிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். 31.7 ஆயிரத்துக்கு நேரே, 0.83 உயரத்தில் வெட்டுகின்றன. ஆக, ஏத்தன்தான் மேல் என்பதன் உறுதி 1-லிருந்து 0.83-ஐக் கழித்த மீதி, 0.17.

மையம் சொன்ன “ஏத்தன் முதலிடம்” என்ற தீர்ப்புக்குப் பின்னால் இருந்த பலம் இவ்வளவுதான். இந்த முறை வரிசையைத் தருவதோடு அதை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்கிறது. வரிசை மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இது எரிச்சலாக இருக்கும்.

இதே கருவியால் கேள்வியை வேறு பக்கம் திருப்பலாம், அதுதான் இதன் உண்மையான பயன் என்பேன். பயிரைப் பயிரோடு ஒப்பிடாமல், ஒரு தொகையோடு ஒப்பிடுவது. நகைக்கடனுக்கு வட்டியும் அசலில் கொஞ்சமும் கட்ட வருடத்துக்குப் பதினைந்தாயிரம் வேண்டும் என்று வையுங்கள். பதினைந்துக்குக் கீழே போக இயலும் அளவு நெல்லுக்கு 0.17, ஏத்தனுக்கு 0.68, குத்தகைக்கு 0. கைமுதலே போக, அதாவது பூச்சியத்துக்குக் கீழே போக, இயலும் அளவு ஏத்தனுக்கு 0.55, நெல்லுக்கு 0. ஒன்றை மறக்கக்கூடாது: 0.55 என்றால் நூற்றுக்கு 55 தடவை நஷ்டம் என்று பொருளல்ல. கொடுத்த தகவலோடு நஷ்டம் எந்த அளவுக்குப் பொருந்திப்போகிறது என்பதுதான். கைமுதல் போகாது என்பதற்கான உறுதி 0.45 என்று படிக்கலாம்.

கழித்தலில் உள்ள வில்லங்கம்

ஏத்தனுக்குக் கீழ் எண் -60 எப்படி வந்தது? குறைந்த வரவும் கூடிய செலவும் ஒரே வருடத்தில் வந்தால். அப்படி வருமா?

கன்று, குழிவெட்டு, உரம், முட்டுக்கம்பு எல்லாம் எப்படியும் உண்டு. செலவில் ஏறி இறங்குவது பெரும்பாலும் கடைசியில் வருகிற தார் வெட்டுக்கூலி, சுமைகூலி, வண்டி வாடகை. காற்றில் சாய்ந்த வருடம் வெட்ட ஆள் குறைவு, ஏற்ற லோடு குறைவு. செலவு 160-க்குப் போகாது, 140-லேயே நிற்கும். விளைந்து கொட்டிய வருடம் கூலியும் கூடி 160 ஆகும். ஆகவே உண்மையான கீழ் எண் 100-லிருந்து 140 போக -40, மேல் எண் 250-லிருந்து 160 போக 90. ஏத்தன் என்பது (-40, 50, 90).

புத்தக விதி வரவும் செலவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எடுத்துக்கொண்டு முக்கோணத்தை இருபுறமும் இழுத்துவிட்டது. திருத்திய எண்ணை ஒவ்வொரு முறையிலும் போட்டுப் பாருங்கள். மையம்: 33.3, அதே. நம்பிக்கை 0.5-ல் மதிப்பு: 37.5, அதே. இந்த இரண்டு கணக்குக்கும் ஒன்றுமே நடக்கவில்லை! ஆனால் லியூ, வாங் முறையில் நம்பிக்கை எண் 0.5-ஐ விட்டு விலகினால் நிலைமை மாறுகிறது: இடது -5 ஆக இருந்தது 5 ஆகிறது, வலது 80 ஆக இருந்தது 70 ஆகிறது, ஏத்தன் முந்தும் இடம் 0.37-லிருந்து 0.31-க்கு இறங்குகிறது. நெல்லுக்கு முதலிடம் கிடைப்பது 0.29-க்கும் 0.31-க்கும் நடுவே ஒரு கீற்றில் மட்டும். கைமுதல் போக இயலும் அளவும் 0.55-லிருந்து 0.44-க்கு இறங்குகிறது. எந்த முறை என்று மல்லுக்கட்டுவதற்கு முன் எண்களைச் சரியாகக் கழித்திருக்கிறோமா என்று பார்ப்பது லாபம்.

பாதிக்குப் பாதி

இதுவரை ஒரு ஏக்கரையும் ஒரே பயிருக்குக் கொடுத்தோம். இந்தப் பக்கத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள்? மேட்டுத்தலைப்பில் வாழை, தாழ்வாய் நெல் என்று பிரித்துத்தான் வைக்கிறார்கள். திருத்திய எண்படி சரிபாதி பிரித்தால் (-14, 40, 65) வருகிறது.

லியூ, வாங் முறையில் இதன் மதிப்பு, எந்த நம்பிக்கை எண்ணுக்கும், நெல்லுக்கும் ஏத்தனுக்கும் சரியாக நடுவில் விழும். நடுவில் விழுவது ஒருநாளும் முதலிடம் வராது. மையத்தை எடுத்தாலும் இதே கதை. அதாவது, ஊரே செய்கிற ஒன்றை இந்த முறைகள் எந்த நிலையிலும் சிபாரிசு செய்யாது. ஊர் தவறா, முறை தவறா என்றால் நான் ஊர்ப்பக்கம்தான். காரணம் உண்டு. இந்த முறைகள் முழுத்தொகையையும் ஒரே எண்ணாகச் சுருக்குகின்றன. ஒரு அளவுக்குமேல் நஷ்டம் வந்தால் அடுத்த வருடம் விதைப்பதற்கே வழியில்லை என்ற செய்தி அந்தச் சுருக்கத்துக்குள் நுழைவதில்லை.

நுழைய வேண்டுமானால் தாங்கும் எல்லையை முதலில் கேட்க வேண்டும். இதைப் பெரியப்பாவிடம் கேட்கலாம், அவரும் யோசிக்காமல் சொல்வார்: “பதினஞ்சு போனா சமாளிச்சிருவேன். அதுக்கு மேல போச்சுன்னா கைய ஏந்தணும்.” பதினைந்தாயிரத்துக்கு மேல் நஷ்டம் வர இயலும் அளவு பூச்சியமாக உள்ள வழிகளை மட்டும் நிறுத்திக்கொண்டு, அவற்றுள் மையம் கூடியதை எடுப்பது. இரண்டு முறைகளின் கலப்பு இது. நான் பரிந்துரைப்பதும் இதைத்தான். முழு ஏத்தன் முதல் படியிலேயே விழுந்துவிடும். ஏத்தன் 51 சென்ட், மீதி நெல் என்றால் கீழ் எண் -14.5, எல்லைக்குள் நிற்கிறது, மையம் 30.4. முழு நெல்லின் 27.3-ஐவிட இது மேல். மீதியை நெல்லுக்குப் பதில் குத்தகைக்கு விட்டால் ஏத்தனை 61 சென்ட் வரை கொண்டுபோகலாம், ஆனால் மையம் 30.1-தான். முப்பத்தொன்பது சென்டைக் குத்தகைக்கு எடுக்க யார் வருவார்கள் என்பது தனிப் பிரச்சினை.

பாதிக்குப் பாதியில் கீழ் எண்ணைக் கூட்டும்போது நெல்லின் கெட்ட வருடமும் வாழையின் கெட்ட வருடமும் ஒன்றாக வரும் என்று வைத்துக்கொண்டேன். வாழையைச் சாய்ப்பது ஆடிக் காற்று, பிசானத்தைக் கெடுப்பது ஐப்பசிக்குப் பிந்திய மழை. இரண்டும் ஒரே வருடத்தில் சேருமா, கழித்தலில் காட்டிய தாராளத்தை இங்கேயும் காட்டலாமே என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்தால் காட்ட மனம் வரவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரைமீறி, நெல்லும் வாழையும் சேர்ந்தே தண்ணீரில் நின்ற நாட்கள் அவை. கூலி குறையும் என்பது தொழிலின் இயல்பு, எல்லா வருடமும் நடக்கும். இரண்டு கெடுதலும் சேராது என்பது வெறும் ஆசை.

எல்லை மாறினால் சென்ட்டும் மாறும். திருத்தாத -60-ஐ வைத்தே போட்டிருந்தால், அதே பதினைந்தாயிரத்துக்கு ஏத்தன் 37 சென்ட்டோடு நின்றிருக்கும். கழித்தல் விதியால் மட்டும் பதினான்கு சென்ட் போயிருக்கும். கைக்காசு ஒரு ரூபாயும் போகக்கூடாது என்பவருக்கு, திருத்திய எண்படி 23 சென்ட் ஏத்தன், 77 சென்ட் நெல்.